எலுமிச்சம்பழம் வைத்த திருடன்

அத்தியாயம் 6

கோம்பை மேட்டுத் தெருவில் லாரி நின்றபோது அதைப் பார்க்க வந்தவர்கள் நூறு பேர். அது காணாமல் போன பிறகு, அது நிற்காத இடத்தைப் பார்க்க வந்தவர்கள் ஆயிரம் பேர். வேர்க்கடலை விற்கிறவள் கூடையை இறக்கிக் கடையே போட்டுவிட்டாள். உத்தமபாளையத்திலிருந்து ஒரு குடும்பம் கட்டுச்சோற்றோடு வந்து இறங்கியிருந்தது. ஒரு பெரிய மனிதர் தன் மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, அதோ பார், அங்கேதான் இல்லை என்று விரலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

இந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு துப்பறியும் கருத்தக்கண்ணன் வந்தார். சித்திரை வெயிலில் கணுக்கால் வரை தொங்கும் பட்டாளத்துக் கம்பளிக் கோட்டு. யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துப்போட்ட சாமான்களை மதுரையில் ஏலம் விட்டபோது எடுத்தது. கோட்டு இல்லாதவனுக்குத் துப்பு கிடைக்காது என்பது அவர் கட்சி. அந்தக் கோட்டுக்குள் அவர் விடும் வேர்வையை வாய்க்காலில் திருப்பிவிட்டால் ஒரு போகம் நெல் விளையும்.

பின்னாலேயே உதவியாளன் பிச்சைமணி. கருத்தக்கண்ணனின் மனைவிக்குத் தம்பி. அதாவது மச்சானைக் கேலி செய்யப் பிறப்பிலேயே பாத்தியதை பெற்றவன். அதை ஒரு நாளும் அவன் வீணாக்கியதில்லை.

“மச்சான், கூட்டத்தைப் பாத்தா லாரி வராம இருந்தாத்தான் ஊருக்கு லாபம் போலருக்கு. வந்த வழியே திரும்பிருவமா?”

லாரியைப் பறிகொடுத்த ஜக்கம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பத்து வருஷமாக ஆறு மாட்டு வண்டிகளை வைத்துத் தேனிச் சந்தைக்கு வாடகை ஓட்டியவள். அந்த வண்டிகளையும் மாடுகளையும், காதில் தொங்கிய பாம்படத்தையும் விற்றுத்தான் அந்த ராணுவ லாரியை ஏலத்தில் எடுத்தாள். பச்சை வண்ணம், கதவில் வெள்ளை நட்சத்திரம், ஆள் மட்டத்துக்குச் சக்கரம். பர்மாக் காட்டில் குண்டு சுமந்த வண்டி இனிமேல் தேனிக்குத் தேங்காயும் வாழைத்தாரும் ஆளும் சுமக்க வேண்டியது. அன்று சாயங்காலம் வண்டியைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வருவதாக ஏற்பாடு. வண்டி இருந்தால் அந்த ரூட்டுக்குப் பர்மிட் ஜக்கம்மாவுக்கு. இல்லாவிட்டால் கம்பத்துப் பஸ் முதலாளிக்கு. அப்புறம் அவளுக்கு மாடும் இல்லை, லாரியும் இல்லை. வெறும் காது மட்டும் தோளில் ஆடிக்கொண்டிருக்கும்.

நடந்ததை அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். விடிந்ததும் லாரிக்குப் பூஜை போட ஏற்பாடு செய்தாளாம். வாசலில் பொங்கல் வைத்தாளாம். சூடம் எடுக்க உள்ளே போய்த் திரும்பினால் லாரியைக் காணோம். இஞ்சின் சத்தம் கேட்டதா என்றால் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. இதுதான் விசேஷம். அந்த லாரியை இங்கே கிளப்பினால் போடியில் பால் திரிந்துபோகும். கூடவே அவள் வளர்க்கும் கோம்பை நாய் செவலையையும் காணோம். அந்நியன் நிழல் வாசலில் விழுந்தாலே நிழலைக் கடிக்கிற நாய் அது.

“திருடன் கறி போட்டுக் கைக்குள்ள வச்சுக்கிட்டான்” என்று கருத்தக்கண்ணன் ஒரே வரியில் நாயின் கணக்கை முடித்தார்.

தரையில் சக்கரத் தடம் இருந்திருந்தால் ஆயிரம் பேரின் காலடியில் அது எப்போதோ மாவாகியிருந்தது. ஆனால் நாலு இடங்களை மட்டும் ஒருவரும் மிதிக்கவில்லை. சுற்றி ஒரு முழத்துக்குக் கூட்டம் ஒதுங்கி நின்றது. ஒவ்வொன்றிலும் குங்குமம் தடவிய ஓர் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. வண்டிச் சக்கரம் ஏறி நசுக்கிய பழத்தை மிதித்தால் வண்டிக்குக் கழிந்த திருஷ்டி மிதித்தவன் காலில் ஏறிக்கொள்ளும். இந்தப் பள்ளத்தாக்கில் புலியை மிதிக்கிறவன்கூட அதை மிதிக்க மாட்டான்.

கருத்தக்கண்ணன் மண்டியிட்டார். கோட்டுப் பையிலிருந்து பைனாகுலரை எடுத்து ஒரு சாண் தூரத்தில் இருந்த பழத்தைத் தலைகீழாகப் பார்த்தார்.

“மாப்ளே, திருடன் நம்ம ஊருக்காரன். திருடுறதுக்கு முன்னால நாலு சக்கரத்துக்கும் பழம் வச்சிருக்கான். ராசியா வச்சு ஆளணும்னு நெனைக்கிறான்.”

ஜக்கம்மா எழுந்து, அந்தப் பழம் வந்து என்று ஆரம்பித்தாள். கருத்தக்கண்ணன் கையை உயர்த்தினார். அவர் துப்பறியும்போது கட்சிக்காரர் குறுக்கே பேசக் கூடாது. அது தொழில் தர்மம். அவள் இன்னொரு தடவை வாயைத் திறந்தாள். கை இன்னும் உயரமாகப் போனது.

பிச்சைமணி இதற்குள் அடுப்போரம் உட்கார்ந்து, ஓர் இலையில் பொங்கலை வாங்கிக்கொண்டிருந்தான். லாரி போனாலும் பொங்கல் இருந்தது. ஆனால் பானை ஒரு பக்கமாகச் சாய்ந்து பயமுறுத்தியது. அடுப்புக்கல் மூன்றும் கன்றுக்குட்டித் தலை பருமன்.

“இது அடுப்புக்கல்லா, கோயில் இடிச்ச கல்லா? பொங்கல்ல வேற டயர் வாடை அடிக்குது மச்சான். நெய்யுக்குப் பதிலா கிரீஸ் ஊத்திட்டாகளோ?”

“சாப்பாட்டு ராமா, இங்க பாரு. பழத்தோட விதையெல்லாம் எந்தப் பக்கம் தெறிச்சிருக்கு? பள்ளத்துப் பக்கம். வண்டி ரோட்டுக்குப் போகல. நேரா முன்னால, தெருக்கோடியில இருக்கிற கரட்டுச் சரிவுல இறங்கியிருக்கு.”

கூட்டம் வாயைப் பிளந்தது. பிச்சைமணியே பொங்கலை மெல்லுவதை நிறுத்தினான். மச்சான் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியாத இந்த மாதிரிச் சந்தர்ப்பம் அவன் வாழ்நாளில் இரண்டாவது. முதலாவது, மழை வரும் என்று மழையில் நின்றுகொண்டு சொன்னது.

ஜக்கம்மாவுக்கு இப்போது சந்தேகம் தீர்ந்துவிட்டது. கரட்டுக்குக் கீழேதான் மிராசுதார் சுருளியாண்டியின் தோப்பு. ஏலத்தில் அவளோடு கடைசி வரை போட்டி போட்டவர். பட்டாளத்துச் சாமான் என்றால் கிழிந்த சாக்ஸைக்கூட விடாமல் சேர்த்து வைக்கிற மனுஷன். லாரி அவரிடம்தான் இருக்கிறது, அவர் மீசையைப் பிடித்து இழுத்துவாருங்கள் என்று அவள் உத்தரவு போட்டாள்.

கரட்டில் மண் இல்லை, பாறைதான். பாதி வழியில் முத்துப்பேச்சி என்ற பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். கரட்டின் அடியில் இருக்கும் பத்து வீட்டுக் குடியிருப்புக்காரி. லாரியைப் பார்த்தாயா என்று கேட்டதும் கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“சத்தமே இல்லை சாமி. தேர் மாதிரி வந்தாக. செவந்த மேனி, கருத்த மொகம். நாக்கு வெளிய தொங்குச்சு. அங்கிட்டு இங்கிட்டுத் திரும்பாம நேரா உக்காந்திருந்தாக. ஏந் தலைமேல அவுக காத்துப் பட்டுச்சு. மூணு நாளா இருந்த பல்வலி போயிருச்சு.”

அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். கருத்தக்கண்ணனின் கை உயர்ந்தது. போதும். செவந்த மேனி, கருத்த முகம், தொங்கும் நாக்கு. இதுபோல் பளிச்சென்ற அடையாளம் போன வருஷம் பெரியகுளம் மாம்பழ வழக்கில்கூடக் கிடைக்கவில்லை. அந்த வழக்கில் அவர் மூன்று நாள் பின்தொடர்ந்தது ஒரு தபால்காரரை.

“மச்சான், சத்தமில்லாம லாரி எப்படிப் போகும்? தலையில தூக்கிட்டுப் போயிருப்பானோ?” என்று கேட்டுக்கொண்டே பிச்சைமணி சறுக்கினான்.

சுருளியாண்டியின் தோப்புக்குள் நுழைந்தால் யுத்தம் முடிந்த செய்தி அங்கே இன்னும் வரவில்லையோ என்று தோன்றும். கோழிகள் இரும்புத் தொப்பிகளில் தண்ணீர் குடித்தன. பாராசூட்டுத் துணிக்கு அடியில் வெற்றிலைக் கொடிக்கால் நிழலில் இளைப்பாறியது. மத்தியானக் கஞ்சிக்கு ஆள் கூப்பிட விமானத் தாக்குதல் சங்கு. அதை ஊதினால் சின்னமனூரில் பாதிப்பேர் இன்னும் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறார்கள்.

கொட்டகைக்கு வெளியே அடுப்பின் முன்னால் ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. ஆஸ்பத்திரிச் சிவப்புக் கம்பளி போர்த்திய மேனி. கறுப்பு முகம். கண்கள் இரண்டும் கண்ணாடி, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழாய்.

“பிடி மாப்ளே” என்றார் கருத்தக்கண்ணன்.

“நீங்க பிடிங்க. நான் நாக்கைப் பாக்குறேன்.”

உருவம் திரும்பியது. விஷப்புகைக்குப் போடும் ராணுவ முகமூடியைக் கழற்றினால் உள்ளே சுருளியாண்டி. மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாராம். நெடிக்கு இதைவிட உத்தமமான சாதனம் உலகத்தில் இல்லை என்று விளக்கம் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் நெடி ஏறி, துப்பறிகிற இரண்டு பேரும் எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரித் தும்மினார்கள். தும்மலுக்கு நடுவில் கருத்தக்கண்ணன் அவரைக் கைது செய்தார். எதற்காக என்பது பதினோராவது தும்மலுக்குப் பிறகுதான் மிராசுதாருக்குப் புரிந்தது.

அவர் கோபப்படவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அந்த வண்டியில ஏற எனக்கென்ன கிறுக்கா? அதுக்கு ஹேண்ட் பிரேக்கே கிடையாதுய்யா. எனக்குத் தெரியும். எங்கிட்டதான இருக்கு.”

கொட்டகைச் சுவரில் இரண்டு துப்பாக்கி உறைகளுக்கு நடுவே, ஒரு முழ நீள இரும்புக் கம்பி மாலையோடு தொங்கியது. ஏலத்தன்று வண்டியில் ஏறிப் பார்த்தபோது இழுத்தாராம், கையோடு வந்துவிட்டதாம். திருப்பி வைக்க மனசு வரவில்லையாம். பிரேக் இல்லாத வண்டி எதற்கு என்றுதான் ஜக்கம்மாவுக்கு விட்டுக்கொடுத்தாராம்.

கருத்தக்கண்ணன் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றினார். பிச்சைமணி இரண்டடி பின்வாங்கினான். அக்காவின் கல்யாணத்தன்றுகூட மச்சான் அதை உடம்பிலிருந்து பிரித்ததில்லை.

“மாப்ளே, பொங்கல்ல என்ன வாடை அடிச்சுதுன்னு சொன்ன?”

“டயர் வாடை. ஏன், பசிக்குதா?”

கீழே குடியிருப்பிலிருந்து உறுமி மேளச் சத்தமும் குலவையும் கேட்டன. கருத்தக்கண்ணன் அந்தப் பக்கமாக ஓடினார். கோட்டைச் சுமந்துகொண்டு பிச்சைமணியும், இரும்புக் கம்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு சுருளியாண்டியும் பின்னால் ஓடினார்கள்.

குடியிருப்பின் எல்லையில் ஒரு வேம்பு. அதனடியில் பைரவர் கல். கல்லுக்கு ஒரு சாண் முன்னால், முட்டாமல் மோதாமல், பணிவாக நின்றுகொண்டிருந்தது லாரி. மூக்கில் மஞ்சள் பூசி, இரண்டு விளக்குக்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். கதவில் இருந்த வெள்ளை நட்சத்திரத்தின் மேல் பட்டையாக விபூதி. ஓட்டுகிறவர் இருக்கையில், கழுத்தில் வடைமாலையோடு, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, நேராக உட்கார்ந்திருந்தது செவலை. செவந்த மேனி, கருத்த முகம். எஜமானி வந்தும் அது இறங்கவில்லை. மாலையில் இன்னும் பாதி வடை பாக்கி இருந்தது.

மேட்டுத் தெருவிலிருந்து ஜக்கம்மாவும் வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஆயிரம் பேர், அவர்களுக்குப் பின்னால் வேர்க்கடலைக் கூடை. திருடன் யார், திருடன் யார் என்று கூட்டம் அலைமோதியது.

“நீங்கதான்க்கா” என்றார் கருத்தக்கண்ணன்.

ஜக்கம்மாவின் காது இரண்டும் ஆடுவதை நிறுத்தின.

அவர் நிதானமாக அவிழ்த்தார். வண்டிக்கு ஹேண்ட் பிரேக் கிடையாது. அப்படியானால் சரிவில் அது எப்படி நின்றது? சக்கரத்துக்கு முன்னால் மூன்று பெரிய கற்களை முட்டுக் கொடுத்திருந்தார்கள். இன்று பூஜை. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தை ஒட்டி, நடு முகத்துக்கு நேராக வைக்க வேண்டும். அந்த இடத்தில் கல் இருக்கிறது. அதே நேரத்தில் வாசலில் பொங்கல் வைக்க அடுப்புக்கல் தேவை. ஜக்கம்மா கெட்டிக்காரி. டயரை ஒட்டியிருந்த கல்லை எடுத்து அடுப்புக்கு வைத்தாள்; பொங்கலில் டயர் வாடை அடித்தது அதனால்தான். பழத்தை எடுத்துச் சக்கரத்துக்கு வைத்தாள். சூடம் எடுக்க உள்ளே போனாள். யுத்தத்தில் குண்டுக்கே நிற்காத வண்டி எலுமிச்சம்பழத்துக்கா நிற்கும்? இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த நாயோடு, இஞ்சின் இல்லாமல், சத்தமில்லாமல் இறங்கிவிட்டது.

“இதைத்தான காலையில இருந்து சொல்ல வாறேன். பழத்தை வச்சது நாந்தான்னு. எங்கன பேச விட்டீக?”

பிச்சைமணி மச்சானின் கையைப் பிடித்து மெதுவாக உயர்த்திவிட்டான். இந்தத் தடவை மட்டும் ஏன் உயர்த்தவில்லை என்று கேட்டான். பிறகு அவன் முகம் மாறியது. குற்றவாளிக் கல்லின் மேல் வெந்த பொங்கலை இரண்டு இலை தின்றவன் அவன்.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் லாரி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது வேறு, அதை எடுத்துக்கொண்டு போவது வேறு. ஆடுகளோடு இறங்கி வந்திருந்த முத்துப்பேச்சி கம்பைக் குறுக்கே நீட்டினாள். ஓட்டுகிற ஆளில்லாமல் கரட்டிலிருந்து இறங்கி, ஓர் ஆட்டை இடிக்காமல், ஒரு குடிசையைத் தொடாமல், பைரவர் முன்னால் ஒரு சாணில் நின்ற வாகனம். ஓட்டிவந்தது பைரவருடைய சொந்த நாய். வந்த சாமியை அனுப்பச் சொன்னால் எப்படி? பல்வலி திரும்பி வந்தால் யார் பதில் சொல்வது? பத்து வீடும் அவள் பக்கம். பேசிப் பேசி வேம்பின் நிழல் கிழக்கே நீண்டது. ஜக்கம்மா லாரியின் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மேட்டுத் தெருவுக்கு இன்ஸ்பெக்டரின் கார் வந்துவிட்டது என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள்.

கருத்தக்கண்ணன் அப்போதுதான் கோட்டை மறுபடி மாட்டினார்.

“ஆத்தா, சாமியை அனுப்ப வேணாம். வந்த சாமி வந்த இடத்துலயே உக்காந்திருந்தா ஊர் என்ன சொல்லும்? வீதியுலா கிடையாதா?”

முத்துப்பேச்சி கம்பை இறக்கினாள். அது நியாயம். வீதியுலா இல்லாத சாமி உண்டா? ஆனால் பத்து வீடும் கூட ஏறும் என்றாள். உலா முடிந்து வண்டி ஜக்கம்மாவிடம் இருக்கட்டும், ஆனால் அஷ்டமிக்கு அஷ்டமி வேப்பமரத்துக்கு வந்து நிற்க வேண்டும் என்றாள். ஜக்கம்மா, அஷ்டமி என்ன, நவமிக்கும் வருகிறேன் என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். பைரவருக்கா முத்துப்பேச்சிக்கா என்பது தெரியவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஓட்டத் தெரிந்தவர் சுருளியாண்டி ஒருத்தர்தான். தன் சேகரிப்பின் சிகரமான இரும்புக் கம்பியை வண்டியில் திரும்பச் செருகும்போது அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய் நெடி என்று சொல்லிக்கொண்டார். முன்னால் ஹேண்டிலைப் போட்டு எட்டுப் பேர் சுற்றினார்கள். லாரி கர்ஜித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். பத்து வீட்டு ஜனமும், இரண்டு உறுமியும், ஏழு ஆடும் ஏற, வண்டிப்பாதை சுற்றி மேட்டுத் தெருவுக்குப் புறப்பட்டார் சாமி.

இன்ஸ்பெக்டர் மெலிந்த மனுஷர். வேலையில் கண்டிப்பானவர். மஞ்சள் பூசிய லாரியையும், வடைமாலையோடு நடுவில் உட்கார்ந்திருந்த நாயையும், பின்னால் நிரம்பி வழிந்த ஜனத்தையும் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பர்மிட் கிடைப்பதற்கு முன்பே இவ்வளவு கூட்டம் ஏறுகிற வண்டியை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். ஜனத்தையெல்லாம் இறக்கிவிட்டு, தானே செவலைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, சரிவில் விட்டு ஹேண்ட் பிரேக் பிடிக்கச் சொன்னார்.

ஜக்கம்மா பைரவர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். கருத்தக்கண்ணன் பிச்சைமணியைப் பார்த்தார். பிச்சைமணி அடுப்பைப் பார்த்தான்.

லாரி சரிவில் இறங்கியது. சுருளியாண்டி பிரேக்கை இழுத்தார். அது வழக்கம்போலக் கையோடு வந்தது. அவர் அதை அப்படியே கம்பளிக்குள் மறைத்துக்கொண்டு முன்னால் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே இரண்டு பக்கமும் இரண்டு தலைகள் குனிந்து ஓடின. ஒன்று கோட்டுப் போட்டது. கடக், கடக் என்று இரண்டு சத்தம். லாரி ஆணி அடித்தாற்போல நின்றது.

இன்ஸ்பெக்டர் முன்பக்கம் சாய்ந்து, தலையை ஆட்டினார். ராணுவ பிரேக் ராணுவ பிரேக்தான் என்றார். செவலை அவர் கன்னத்தை நக்கியது. கோம்பை தேனி ரூட் ஜக்கம்மாவுக்கு.

அவள் வெறும் காதைத் தடவிக்கொண்டே சிரித்த சிரிப்பில் வேர்க்கடலைக்காரிகூட இரண்டு படியைச் சும்மா அளந்து கொடுத்தாள். துப்பறிந்தவருக்கு என்ன செய்வது என்று ஜக்கம்மா அதிகம் யோசிக்கவில்லை. ஆயுசு முழுக்க இந்த லாரியில் மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் இலவசப் பயணம், முன் வரிசையில், செவலைக்கு அடுத்த இடம் என்று ஊரறியச் சொன்னாள். ஒரே ஒரு நிபந்தனை. சரிவு வந்தால் ஆளுக்கொரு கல்லோடு குதிக்க வேண்டும்.

கருத்தக்கண்ணன் ஆட்சேபம் சொல்ல வாயைத் திறந்தார். ஜக்கம்மா கையை உயர்த்தினாள்.

“ஏறுங்க மச்சான்” என்றான் பிச்சைமணி, கல்லை மடியில் வைத்து ஊதியபடி. “இன்னும் சூடு ஆறல.”